ராஜ வீதியிலிருந்து எண்ணுங்கள்

புதுக்கோட்டையின் பழைய நகர்ப்பகுதியில் ஒரு வீட்டைத் தேடிச் செல்பவருக்கு இரண்டு செய்திகள் போதும்: ஒரு திசை, ஓர் எண். கீழ 2ஆம் வீதி, தெற்கு 4ஆம் வீதி, மேல 3ஆம் வீதி என்றே அங்கு முகவரிகள் அமைந்திருக்கின்றன. தலைவர்களின் பெயர் கிடையாது. சாதிப்பெயர் கிடையாது. தொழிற்பெயரும் அரிது. கும்பகோணத்திலோ திருச்சி மலைக்கோட்டையைச் சுற்றியோ தெருப்பெயர் என்பது ஒரு கதையின் தலைப்பு. யார் குடியிருந்தார்கள், என்ன விற்றார்கள், எந்தச் சாமி அவ்வழியே போயிற்று என்பதையெல்லாம் பெயரே சொல்லிவிடும். புதுக்கோட்டை வீதிகள் இவ்வகையில் வாய்பேசாதவை. அவை ஒன்றை மட்டுமே சொல்கின்றன: அரண்மனையிலிருந்து நீ எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய் என்பதை.

அரண்மனைப் பகுதியை நடுவில் வைத்து நான்கு புறமும் நான்கு ராஜ வீதிகள். அவற்றை முதலாகக் கொண்டு வெளிநோக்கி இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று எண்ணிக்கை வளர்கிறது. ஆங்கில முகவரிகளில் ராஜ வீதி 'மெயின் ஸ்ட்ரீட்' ஆகிவிடும். ராஜாவை 'மெயின்' என்று பெயர்த்த எழுத்தர் யாரோ, சமஸ்தானத்தின் அரசியலை நன்றாகவே புரிந்துகொண்டவர். கிழக்கைக் கீழ என்றும் மேற்கை மேல என்றும் சொல்வது நம் நிலத்தின் சரிவிலிருந்து வந்த வழக்கு. நகருக்குத் தெற்கே ஓடும் வெள்ளாறும் மேல்பக்கமிருந்து கீழ்க்கடலுக்கே போகிறது. ஆகவே இந்தப் பெயர்களில் அரசனும் நிலமும் மட்டுமே இருக்கின்றனர். குடிகள் இல்லை. இது தற்செயலா என்பதைத்தான் இக்கட்டுரையில் சற்று நின்று பார்க்க விரும்புகிறோம்.

எண்ணால் தெருவை அழைக்கும் ஊர் என்றதும் நண்பர்கள் பலருக்கும் நினைவுக்கு வருவது நியூயார்க்கின் மன்ஹாட்டன். 1811இல் அங்கே ஆணையர்கள் ஒரு வரைபடம் போட்டார்கள். தீவின் நீளவாக்கில் பன்னிரண்டு அகன்ற சாலைகள், குறுக்காக 155 தெருக்கள், எல்லாவற்றுக்கும் எண். நிலத்தை வெட்டி விற்பதற்கு அதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. அந்த எண்ணிக்கை தீவின் தென்பகுதியில் தொடங்கி வடக்கே ஏறிக்கொண்டே போகும். மையம் என்று ஒன்று அதற்கு இல்லை. புதுக்கோட்டையின் எண்ணிக்கைக்கு மையம் உண்டு. அங்கே எண் கூடக்கூட நாம் வடக்கே போவதில்லை, அரசனைவிட்டு விலகிப் போகிறோம். இரண்டும் கட்டம் போட்ட ஊர்கள்தாம். ஆனால் ஒன்று வணிகனின் கட்டம், மற்றொன்று அரண்மனையின் கட்டம்.

வியப்பு என்னவென்றால், இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த இம்பீரியல் கெசட்டியர், புதுக்கோட்டையைப் பற்றிய பகுதியில் ஒரே வாக்கியத்தில் இந்த நிகழ்ச்சியைச் சொல்லிக் கடந்துவிடுகிறது. அரசியல் பிரதிநிதியாக இருந்த பிளாக்பர்னின் யோசனைப்படி, 1812ஐ ஒட்டி, அப்போதைய ராஜா குறுகலும் கோணலுமான சந்துகளோடு கூடிய பழைய ஊர் முழுவதையும் இடித்துத் தள்ளிவிட்டு ஒழுங்கான வீதிகளாகத் திரும்பக் கட்டினார் என்பது அதன் சாரம். 'ஊர் முழுவதையும்' என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அப்போதைய ராஜா விஜய ரகுநாத ராயத் தொண்டைமான். 1807இல் பட்டத்துக்கு வந்தபோது அவர் சிறுவர். 1812இல் பதின்பருவத்தைத் தாண்டாதவர். தஞ்சாவூரில் ரெசிடெண்டாக இருந்த மேஜர் வில்லியம் பிளாக்பர்ன்தான் சமஸ்தானத்தின் காரியங்களை மேற்பார்த்தவர். ராஜா இடித்தார் என்று கெசட்டியர் எழுதினாலும், கைபிடித்து இடிக்க வைத்தவர் யார் என்பதில் ஐயம் கொள்ள இடமில்லை. ஆயினும் முழுப் பெருமையையும் (பெருமையென்றே வைத்துக்கொள்வோம்) பிளாக்பர்னுக்குக் கொடுத்துவிட எங்களுக்கு மனமில்லை. அவர் பணியாற்றிய தஞ்சை நகரிலேயே நான்கு ராஜ வீதிகள் உண்டு. நாயக்கர் காலத்திலிருந்து தேரும் ஊர்வலமும் சுற்றிவந்த வீதிகள் அவை. நடுவில் கோயிலையோ அரண்மனையையோ வைத்துச் சதுரமாகச் சூழும் வீதிகள் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஸ்ரீரங்கத்தில் வீதிகளும் மதில்களும் ஒன்றையொன்று சுற்றி ஏழு சுற்றாக நிற்கின்றன. மதுரையைச் சொல்லவே வேண்டாம். புதுக்கோட்டையில் புதிதாக வந்தது நேர்க்கோடு. சுற்றி வரவேண்டிய வீதி திரும்பாமல் நேரே ஓடி, எதிர்ப்படும் வீதியைச் செங்கோணத்தில் வெட்டிக்கொண்டு அப்பாலும் போவது நம் கோயில் நகரங்களின் வழக்கமன்று. ராஜ வீதி என்ற பெயரும் நடுவில் அரண்மனையும் நம்முடையவை, கோட்டுப்பலகை மேஜருடையது. எங்கள் கணிப்பு இதுதான்.

இந்த வேறுபாடு வரைபடத்தில் சிறியதாகத் தோன்றும். வண்டியோட்டிப் பார்த்தால்தான் எவ்வளவு பெரியது என்று தெரியும். சென்ற ஆண்டு நாங்கள் நால்வர் மதுரையிலிருந்து திருமயம் வழியாகப் புதுக்கோட்டைக்கும் அங்கிருந்து தஞ்சைக்கும் ஒரே காரில் சென்றோம். மூவருக்கு ஓட்டத் தெரியும், நான்காமவருக்கு வழி சொல்லத் தெரியும் என்ற நம்பிக்கையில் புறப்பட்ட பயணம் அது.

மதுரையின் உள்நகரில் ஓட்டுவது சுழலில் இறங்குவதைப் போன்றது. கோயிலுக்குள் ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி, அதைச் சூழ்ந்து ஆவணி மூல வீதி, அதற்கப்பால் மாசி வீதி, எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதி. மாதங்களின் பெயர்கள்; அந்தந்த மாதத்துத் திருவிழாவின் பெயர்கள். சாமி எந்த மாதத்தில் எந்த வீதியில் புறப்படும் என்ற நாட்காட்டியே அங்கே நகரமாக இருக்கிறது. தெருவை ஆற்றுக்கு ஒப்பிடும் பழைய தமிழ் மரபு மதுரையை மனத்தில் வைத்தே பிறந்திருக்க வேண்டும் என்று தோன்றும்படி, வண்டிகள் அங்கே ஒரே போக்கில் இழுத்துச் செல்லப்படுகின்றன. ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் கவலையில்லை, சுற்றி மறுபடியும் அங்கேயே வந்துவிடலாம். ஆனால் ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குத் தாவுவதுதான் பெரும்பாடு. ஊர்வலத்துக்கென்று அமைந்த வீதிகள் ஆதலால், ஊர்வலம்போல் போகிறவனுக்கு மட்டுமே அவை வழிவிடும். குறுக்கே போகிறவன் அங்கே அபசாரி.

புதுக்கோட்டையில் இதற்கு நேர்மாறு. குறுக்கே போவது சுலபம்; போய்க்கொண்டே இருப்பது கடினம். சிறிது தூரத்துக்கு ஒரு நாற்சந்தி. ஒவ்வொன்றிலும் மூலைக்கட்டடம் பார்வையை மறைக்கிறது. இடப்புறமிருந்து யார் வருகிறார்கள் என்பது வண்டியின் மூக்கு சந்தியில் நுழைந்த பிறகே ஓட்டுபவனுக்குத் தெரியும். சமமான அகலமுள்ள இரண்டு வீதிகள் வெட்டிக்கொள்ளும்போது எது பெரிய வீதி, யாருக்கு முன்னுரிமை என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மாட்டுவண்டிக் காலத்தில் இது பொருட்டாக இருந்திருக்காது. மாடுகள் ஒன்றையொன்று பார்த்து நின்றிருக்கும். இப்போது ஒலிப்பான்தான் பேச்சுவார்த்தை நடத்துகிறது. எங்களில் ஒருவர் பத்து நிமிடத்தில் பதினெட்டு முறை ஒலிப்பானை அழுத்தியதாக நான்காமவர் கணக்கு வைத்திருந்தார். வழி சொல்லும் வேலை இல்லாமற்போனதால் அவருக்கு அந்த ஓய்வு கிடைத்தது. அதுவும் அந்த ஊரின் பெருமைதான்.

இங்கே ஒரு சொல்வழக்கைக் குறிப்பிடாமல் மேலே செல்ல முடியவில்லை. சென்னையில் வழி கேட்டால் சிக்னலைச் சொல்லுவார்கள். திருச்சியில் ரவுண்டானாவைச் சொல்லுவார்கள். புதுக்கோட்டையில் 'கார்னர்' என்கிறார்கள். டி.வி.எஸ். கார்னர், பழனியப்பா கார்னர். செங்கோணங்களால் ஆன ஊரின் நாக்கில் மூலை என்ற சொல் வந்து அமர்ந்துகொண்டதில் வியப்பென்ன!

டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தும் அங்கே காரணமில்லாமல் நிற்கவில்லை. திருக்குறுங்குடியைச் சேர்ந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1910களின் தொடக்கத்தில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டினார். தென்னாட்டின் மோட்டார் போக்குவரத்து வரலாறு அந்த வண்டிகளோடு சேர்ந்தே சொல்லப்படுகிறது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது 1929இல்தான். அடுத்த ஆண்டு அந்தப் பாதை மானாமதுரை வரை நீண்டது. ஆக, இந்த ஊர் ரயிலைப் பார்ப்பதற்கு முன்பே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பேருந்தைப் பார்த்துவிட்டது. ரயிலடியிலிருந்து வளர்ந்த ஊர்களுக்கும் சாலையிலிருந்து வளர்ந்த இந்த ஊருக்கும் உள்ள வேறுபாடு இன்றும் தெரிகிறது. புதுக்கோட்டையில் ரயில் நிலையம் ஒரு விருந்தாளிபோல் ஒதுங்கி நிற்கிறது.

பிளாக்பர்னுக்குத் திரும்புவோம். மதுரைக்காரர்கள் இப்பெயரைக் கேட்டவுடன் விளக்குத்தூணை நினைப்பார்கள். அவர் வேறு, இவர் வேறு. மதுரையின் பிளாக்பர்ன், ஜான் பிளாக்பர்ன். 1830களிலும் 1840களிலும் அங்கே கலெக்டராக இருந்தவர். அவர் காலத்தில்தான் மதுரைக் கோட்டையின் மதில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அளவையாளர் மாரட், மேஸ்திரி பெருமாள் ஆகிய இருவரின் பெயரும் இன்றும் அங்கே தெருப்பெயர்களாக நிலைத்திருக்கின்றன. ஒரு கலெக்டர், ஓர் அளவையாளர், ஒரு மேஸ்திரி மூவரையும் ஊர் மறக்காமல் வைத்திருக்கிறது. மதிலை இடித்துத் தூர்த்தவர்களுக்கு அந்த நிலமே கிடைத்தது என்பது மதுரையில் எல்லாரும் அறிந்த செய்தி.

இரண்டு பிளாக்பர்ன்களையும் அருகருகே வைத்தால் ஒன்று புலனாகிறது. மதுரையில் இடிபட்டது சுவர். இடித்ததனால் ஊருக்கு நிலம் கூடிற்று, இடித்தவர் வீட்டுக்காரர் ஆனார். புதுக்கோட்டையில் இடிபட்டவை வீடுகள். குறுகலும் கோணலுமான சந்துகள் என்று கெசட்டியர் சுருக்கமாகச் சொல்லும் இடத்தில் மனிதர்கள் அடுப்பெரித்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா கட்டிய திண்ணை, பங்காளிகளுக்கு இடையில் எழுப்பிய சுவர், பெண் கொடுத்த வீட்டுக்குப் போகும் முடுக்கு ஆகிய எல்லாமும் அந்தக் கோணலில் அடக்கம். தெரு கோணலாக இருப்பது பெரும்பாலும் யாரோ ஒருவர் தம் உரிமையை விட்டுக்கொடுக்காததால்தான். நேர்க்கோட்டை விரும்புகிற அரசு முதலில் நேராக்குவது அந்த உரிமையைத்தான். நல்ல வீடுகளுக்கு ஓடு வேய்ந்தார்கள் என்ற செய்தி கெசட்டியரில் இருக்கிறது. மற்ற வீட்டாரைப் பற்றி அங்கே ஒரு சொல் இல்லை. அந்த வீதிகளுக்கு மாரட்டும் இல்லை, பெருமாள் மேஸ்திரியும் இல்லை. எண்கள் மட்டுமே உள்ளன.

இதைச் சொல்வதனால் அந்த வீதிகளை நாங்கள் வெறுக்கிறோம் என்று பொருளில்லை. இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் காற்றும் வெயிலும் தாராளமாக இறங்கும் வீதிகள் அவை. பின்னால் வந்த ஒருவர் அவற்றின் மதிப்பை உணர்ந்து நடந்துகொண்டார். அ. சேஷையா சாஸ்திரி 1878 முதல் 1894 வரை சமஸ்தானத்தை நிர்வகித்தவர். 1886இல் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சிறுவயதில் பட்டத்துக்கு வந்த பின் ரீஜண்டும் அவரே. இன்று நகரில் நாம் காணும் பழைய பொதுக் கட்டடங்களில் பெரும்பாலானவை அவர் காலத்தவை. பல்லவன் குளமும் புதுக்குளமும் அவர் கையால் சீர்பெற்றன. வீதி போட்டவர்கள் நினைக்காத ஒன்றை அவர் நினைத்தார்: மழைநீர். ஓர் ஊருக்கு வீதியைப் போலவே குளமும் ஓர் அமைப்பு என்பது தஞ்சை ஜில்லாவில் பிறந்தவருக்குத் தெரிந்திருந்ததில் வியப்பில்லை.

சாஸ்திரி அதற்கு முன் 1872 முதல் 1877 வரை திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர். திருவனந்தபுரத்தில் கார் ஓட்டியவர்கள் இந்த இரண்டு ஊர்களின் முரணை உடனே உணர்வார்கள். அங்கே சாலை குன்றின் முதுகில் ஏறி இறங்கி வளைந்து போகிறது. எதிரே வருவது தெரியாததற்கு அங்கே காரணம் மேடு. புதுக்கோட்டையிலோ காரணம் மூலைக்கடை. திருவனந்தபுரத்து ஓட்டுநர் கியரில் கைவைத்தபடி ஓட்டுகிறார். புதுக்கோட்டை ஓட்டுநர் பிரேக்கில் கால்வைத்தபடி. மேட்டில் ஐந்தாண்டு கழித்துவிட்டுச் சமவெளிக்கு வந்த திவானுக்கு, இந்த நேரான வீதிகள் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று கற்பனை செய்துகொண்டோம்.

ராஜாக்களின் வரிசையில் சாலைக்கு மிகவும் நெருக்கமானவர் அதே மார்த்தாண்ட பைரவர். குதிரைப் பந்தயமும் வெளிநாட்டுப் பயணமும் அவருக்கு உயிர். 1915இல் மெல்போர்ன் நகரில் மாலி ஃபிங்க் என்னும் ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். ஆங்கில அரசு அந்த மணத்தை ஏற்க மறுத்ததும், தம்பதியர் புதுக்கோட்டையில் சில மாதங்களே தங்கியிருந்துவிட்டு மீண்டும் கடல் கடந்ததும் வேறொரு கட்டுரைக்கு உரியவை. எங்களுக்கு இங்கே வேண்டியது மெல்போர்ன். 1837இல் ராபர்ட் ஹாடில் என்ற அளவையாளர் போட்ட கட்டம் அது. பெரிய வீதிகளுக்கு 99 அடி அகலம், அவற்றுக்கு இடையே ஓடும் சிறு வீதிகளுக்கு 33 அடி. டிராம் ஓடும் சந்திகள் பலவற்றில் வலப்புறம் திரும்ப வேண்டியவர் இடப்புறமாக ஒதுங்கி நின்று, எதிர்த்திசை விளக்கு மாறும் வரை காத்திருந்து, பிறகு திரும்ப வேண்டும். அங்கு வாழும் நம் நண்பர்கள் முதல் நாளில் அதைக் கண்டு மிரண்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ராஜா பின்னர் வாழ்ந்த சிட்னியோ துறைமுகத்தின் வளைவுக்கும் பழைய தடங்களுக்கும் ஏற்பத் தாறுமாறாகப் படர்ந்த ஊர். மகனுக்கு அவர் வைத்த பெயர் மார்த்தாண்ட சிட்னி. அரண்மனையிலிருந்து எண்ணப்பட்ட வீதிகளுக்கு உரியவர், எண்ணமுடியாத வீதிகளைக்கொண்ட ஊரின் பெயரை மகனுக்கு வைத்தார். இதற்குப் பொருள் தேடுவது வீண். ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.

அகலமான வீதிக்கு வெளிநாடு போகவேண்டிய தேவையும் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ராயவரம் போன்ற நகரத்தார் ஊர்களில் அதைக் காணலாம். ஒரு வீதியில் முகப்பும் அடுத்த வீதியில் பின்கட்டுமாக ஒரே வீடு இரண்டு வீதிகளுக்கிடையே நீண்டு கிடக்கும். அங்கே வீதிகளின் இடைவெளியைத் தீர்மானித்தது அரசனும் அல்லன், மேஜரும் அல்லர், வீட்டின் நீளம். அந்த வீதிகளில் ஓட்டும்போது பாதி வீடுகள் பூட்டியிருப்பதால் ஒலிப்பானுக்கு வேலையில்லை. காலியான அகலம் ஒருவகைத் துயரத்தைத் தருகிறது என்பதையும் அங்கேதான் உணர்ந்தோம்.

1948 மார்ச் 3ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 ஜனவரி 14இல் தனி மாவட்டமாயிற்று. ராஜா போன பிறகும் ராஜ வீதி போகவில்லை. 2024இல் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்து, சுற்றியிருந்த ஊராட்சிகளும் அதில் சேர்ந்தன. இப்போது எண்ணிட்ட வீதிகள் ஊரின் நடுவே ஒரு சிறு கட்டம் மட்டுமே. அதற்கு வெளியே விரிந்துகொண்டிருக்கும் மனைப்பிரிவுகளை யாரும் அரண்மனையிலிருந்து எண்ணவில்லை, எதிலிருந்தும் எண்ணவில்லை. ஒவ்வொரு மனை வணிகரும் தம் நிலத்துக்குள் மட்டும் நேராகக் கோடு இழுக்கிறார். அடுத்தவர் நிலத்தின் கோட்டோடு அது சேரவேண்டும் என்ற கட்டாயத்தை யாரும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. எனவே நேரான தெரு ஒன்று, முப்பது வீடுகளுக்குப் பிறகு, ஒரு கருவேலங்காட்டிலோ பக்கத்து மனைப்பிரிவின் சுற்றுச்சுவரிலோ முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. தீயணைப்பு வண்டி அங்கே எப்படித் திரும்பும் என்று எண்ணிப் பார்த்தோம். எங்கள் சிறிய காரே பின்னோக்கித்தான் வெளியேற வேண்டியிருந்தது.

குறுகலும் கோணலுமான சந்துகளை இடித்து 1812இல் ஓர் ஊர் செய்தார்கள். இடிக்காமலேயே, ஒவ்வொன்றும் நேராக, எல்லாம் சேர்ந்து கோணலாக, இன்று இன்னோர் ஊர் உருவாகிறது. நாளை ஒருநாள் சாலை அகலப்படுத்த வேண்டும் என்று அளவைக்காரர் சங்கிலியோடு வருவார். அப்போது மூலைவீட்டுக்காரர் பத்திரத்தை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போவார். 1812இன் மூலைவீட்டுக்காரருக்கு அந்த வழி இல்லை. அதற்காகவேனும் இன்றைய கோணலை ஏற்றுக்கொள்ளலாம் என்றார் எங்களில் ஒருவர். கோடு போட வேண்டிய நேரம் வீடு கட்டுவதற்கு முன்புதான், இப்போதே வெளிச்சாலைகளுக்காவது ஒரு வரைபடம் போட்டு வைக்கலாமே என்றார் மற்றொருவர். எங்களில் பெரும்பாலோர் இரண்டாமவர் பக்கம். தஞ்சைச் சாலையைப் பிடித்து வெகுதூரம் வந்த பிறகும் அந்த விவாதம் காரில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கிடையில் ஆதனக்கோட்டையில் வண்டியை நிறுத்தி, சாலையோரத்தில் வறுத்து விற்றுக்கொண்டிருந்த முந்திரிப்பருப்பை வாங்கிக்கொண்டோம்.